நாலு சாட்டா இருக்கா தம்பி?

கல்யாண போட்டோ எடுக்கிற எங்கள் தொழிலுக்கு ஆடி மாதம்தான் ஞாயிற்றுக்கிழமை. கல்யாணம் கிடையாது. காதுகுத்து, முடியிறக்கு என்று குலதெய்வக் கோயிலில் அரை நாள் வேலை வந்தால் உண்டு. வைகாசியிலும் ஆனியிலும் எடுத்துக் குவித்ததை ஆல்பமாக்கி, பாக்கிப் பணத்துக்கு அலைந்து, லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற மாதம். 2023 ஆடியில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. செத்துப்போன கம்ப்யூட்டருக்குப் பதில் புதிதாக ஒன்றை நானே உட்கார்ந்து அசெம்பிள் செய்தேன். அதற்கு வாங்கிய மதர்போர்டு, அதாவது மற்ற எல்லாப் பாகமும் வந்து சொருகிக்கொள்கிற பலகை, எம்எஸ்ஐ கம்பெனியின் பி550எம் ப்ரோ-விடிஎச் வைஃபை.

இப்போது தை. பதினெட்டு மாதம் ஓடிவிட்டது. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுதுகிற விமர்சனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. தாலி கட்டிய அன்றைக்கே மாப்பிள்ளை எப்படி என்று கேட்கிற மாதிரி அது. மண்டபத்தில் எல்லா மாப்பிள்ளையும் நல்ல மாப்பிள்ளைதான். இருபது வருஷமாகப் படம் எடுப்பவன் சொல்கிறேன்.

முதலில் பழையது செத்த கதை. 2014-ல் எச்81 போர்டில் கட்டிய மெஷின் அது; எச்81 என்பது சிப்செட்டின் பெயர், போர்டில் எதை எத்தனை சொருகலாம் என்று தீர்மானிக்கிற சில்லு. ராம் ஸ்லாட் இரண்டுதான். 16 ஜிபிக்கு மேல் போடவே முடியாது. இருந்தாலும் ஒன்பது வருஷம் உழைத்தது. 2023 கோடையில் ஒரு சாயங்காலம் அருப்புக்கோட்டையில் இடியும் மின்னலுமாகப் பிடித்துக்கொண்டது. நான் விவரமானவன் இல்லையா, ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். பின்னால் சொருகியிருந்த இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கத் தோன்றவில்லை. தெருக் கம்பத்திலிருந்து வருகிற ஒயர், மோடம் வழியாக நேரே போர்டுக்குள் போகிறது என்பது அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. மறுநாள் லேன் போர்ட்டில் விளக்கு எரியவில்லை. நாலு நாளில் தானாக ரீஸ்டார்ட் ஆனது. பத்தாம் நாள் ஃபேன் மட்டும் சுற்றியது, டிஸ்ப்ளே இல்லை. போர்டின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, தப்பு என் பேரில்தான். ஆனால் அந்த இடிதான் அடுத்த போர்டில் வைஃபை இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தது. வைஃபை போர்டு சொகுசு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்: மோடத்துக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒயரே இல்லையென்றால் மின்னலுக்கு அந்த வழி கிடையாது.

கையில் இருந்தது 35,000 ரூபாய். பழைய கேபினட் துருப்பிடித்துவிட்டது, கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் வயதாகிவிட்டது. ஹார்ட்டிஸ்க்குகளும் மானிட்டரும் மட்டும் பழையவை. பக்கத்து ஊர் ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒரு கேமிங் போர்டின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினார். வானவில் மாதிரி விளக்குகள், மேலே டிராகன் படம். "மாப்ள, இதை வாங்கு, பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்" என்றார். விலையைப் பார்த்தேன். போர்டு ஒன்றிலேயே என் பட்ஜெட்டில் பாதி போய்விடும்.

அப்புறம் ஆர்டர் ஃபாரத்தின் பின்பக்கத்தில், இந்த மெஷினில் நான் எதையெல்லாம் சொருகப்போகிறேன் என்று எழுதினேன். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரிதான் ஆல்பம் டிசைன் செய்கிறாள், அவளையும் உட்கார வைத்துக் கேட்டு எழுதினேன். நிரந்தரமாக இரண்டு ஹார்ட்டிஸ்க்: ஒன்று நடப்பு வேலைக்கு, ஒன்று அதன் நகலுக்கு. டிவிடி ரைட்டர் ஒன்று. சிரிக்காதீர்கள், கோயில் கொடை விழா கமிட்டிக்காரர்கள் இன்றைக்கும் டிவிடிதான் கேட்கிறார்கள். அப்புறம் அலமாரியில் மாதம் வாரியாகப் பெயர் எழுதி அடுக்கியிருக்கிற பழைய ஹார்ட்டிஸ்க்குகளில் தேவைப்படுவதை எடுத்து மாட்ட ஒரு காலி இடம். ஹார்ட்டிஸ்க்கை வெளியிலிருந்தே மாட்டுகிற யூஎஸ்பி டாக் என்று ஒன்று இருப்பது எனக்கும் தெரியும். நாற்பது ஜிபி எடுக்கும்போது 38-ல் ஒயர் ஆடி நின்றுபோன அனுபவமும் இருக்கிறது. ஆக, நாலு சாட்டா, அதாவது ஹார்ட்டிஸ்க்கையும் டிவிடி ரைட்டரையும் போர்டில் சொருகுகிற ஓட்டைகள். மானிட்டர் இரண்டு, அதில் ஒன்று விஜிஏ என்கிற பழைய காலத்து இணைப்பு மட்டும் உள்ள பழசு. ஆல்பம் சாஃப்ட்வேரின் டாங்கில் (இதைச் சொருகினால்தான் சாஃப்ட்வேர் ஓடும்), கீபோர்டு, மவுஸ், கார்டு ரீடர், பிரிண்டர் என்று யூஎஸ்பி ஐந்து.

ராம் கணக்கு தனி. எங்கள் ஆல்பத்தில் ஒரு விரிப்பு 12-க்கு 36 இன்ச். 300 டிபிஐ-யில் அது 3,600-க்கு 10,800 பிக்சல், கிட்டத்தட்ட 3.9 கோடிப் பிக்சல். லேயர் எதுவும் இல்லாமல் வெறும் ஒற்றைப் படமாகவே நினைவகத்தில் 117 எம்பி பிடிக்கும். அதில் பின்னணி, பூ, நிழல், பொண்ணு மாப்பிள்ளை ஆறு போஸ் என்று லேயர் ஏறும்போது ஒரு பக்கமே ஒரு ஜிபியைத் தாண்டும். நாலு பக்கத்தை ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பாள். பழைய மெஷினில் 'சேவ்' கொடுத்துவிட்டுப் போய் டீ போட்டு எடுத்துக்கொண்டு வருவாள். அது அவளுடைய தினசரி வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. ஆனால் 32 ஜிபி ராம் வாங்கக் கையில் காசில்லை. இப்போது 16, அடுத்த தீபாவளிக்கு இன்னொரு 16 என்பது திட்டம். வாங்கிய ராமைக் கழற்றி விற்காமல் மேலே சேர்க்க வேண்டுமென்றால் ஸ்லாட் நாலு வேண்டும்.

இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு சிப்செட் பட்டியலைப் பார்த்தபோது பாதி போர்டுகள் தானாகவே விழுந்துவிட்டன. இன்டெல் பக்கம் விலைக்கு வருவது எச்610. அந்தச் சிப்செட்டில் ராமுக்குப் போகிற பாதை, அதாவது சேனல், இரண்டு; ஒரு சேனலுக்கு ஒரு ராம்தான், எந்தக் கம்பெனி செய்தாலும் இரண்டு ஸ்லாட்டுக்கு மேல் வராது. பி660-க்குப் போனால் நாலு கிடைக்கும், விலையும் ஏறும். ஏஎம்டியில் ஏ520 மலிவு. ப்ராசஸரை அதன் அளவுக்கு மேல் விரட்டுகிற ஓவர்க்ளாக்கிங் கிடையாது, அது எனக்கு வேண்டவும் வேண்டாம். ஆனால் குறைந்த விலையில் பார்த்த ஏ520 போர்டுகளில் பெரும்பாலும் ராம் ஸ்லாட் இரண்டு, எம்.2 (என்விஎம்இ என்கிற வேகமான குட்டி டிஸ்க்கைச் சொருகுகிற இடம்) ஒன்று.

மிச்சம் பி450-யும் பி550-யும். 2018-ல் வந்த பி450 அன்றைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு சுமாருக்குக் கிடைத்தது. 2020-ல் வந்த பி550 பத்தாயிரத்தைத் தொட்டது. நாலாயிரம் எதற்கு என்று நாலு நாள் யோசித்தேன். விளம்பரத்தில் பி550-க்குப் பெரிய எழுத்தில் போடுவது பிசிஐஇ 4.0, அதாவது கிராபிக்ஸ் கார்டும் என்விஎம்இ டிஸ்க்கும் தகவல் அனுப்புகிற வேகமான பாதை. நான் வாங்க நினைத்த ப்ராசஸர் ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை, 65 வாட். ஆனால் அந்த ப்ராசஸரே பிசிஐஇ 3.0 வரைக்கும்தான் போகும். அதாவது பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற சமாச்சாரத்தில் எனக்கு ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. இதை எந்தக் கடையிலும் யாரும் சொல்லவில்லை. 5600ஜி வாங்குகிறவர்கள் இந்த 4.0-வுக்காக மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

நான் கொடுத்தது வேறு காரணங்களுக்காக. சிப்செட்டிலிருந்து கிளம்புகிற பாதைகள் பி450-ல் பிசிஐஇ 2.0, பி550-ல் 3.0, பின்னாளில் இரண்டாவது என்விஎம்இ மாட்டினால் அங்கே வித்தியாசம் தெரியும். வைஃபை. விஜிஏ. எல்லாவற்றுக்கும் மேலே, போர்டின் பின்பக்கத்தில் ஃபிளாஷ் பயாஸ் என்று ஒரு சின்னப் பட்டன்.

அந்தப் பட்டனைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். ப்ராசஸர் உட்காருகிற ஏஎம்4 சாக்கெட்டின் பலமும் தலைவலியும் ஒன்றுதான்: 2017-ல் வந்த முதல் ரைசன் தொடங்கி 5000 வரிசை வரைக்கும் அதே சாக்கெட். ப்ராசஸர் உள்ளே உட்கார்ந்துவிடும், ஆனால் போர்டில் இருக்கிற பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற சாஃப்ட்வேர், அந்த ப்ராசஸர் வருவதற்கு முன்னால் எழுதப்பட்டதாக இருந்தால் அதை அடையாளம் தெரியாது. ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. பயாஸைப் புதுப்பிக்கலாம் என்றால் அதற்கு அந்த போர்டு அறிந்த பழைய ப்ராசஸர் ஒன்று வேண்டும். சாவி வீட்டுக்குள்ளே, நாம் வாசலில். விருதுநகரில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இப்படித்தான் பழைய ஸ்டாக் பி450 போர்டு ஒன்றை வாங்கி, கடைக்காரர் கைவிரித்து, பழைய ரைசன் இருக்கிற ஆளைத் தேடி மூன்று வாரம் அலைந்தான். பட்டன் இருக்கிற போர்டில் ப்ராசஸர், ராம் எதுவும் வேண்டாம். பவர் ஒயர் இரண்டையும் சொருகி, பென்டிரைவில் ஃபைலைப் போட்டு அழுத்தினால் தானாக ஏறிக்கொள்ளும். சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்கும் எங்கள் ஊருக்கும் ஐந்நூறு கிலோமீட்டர். எனக்கு அந்தப் பட்டன்தான் இன்ஷூரன்ஸ்.

மச்சான் பல்லாவரத்தில் இருக்கிறார், அவர் பிள்ளைக்குக் காதுகுத்து. போட்டோ எடுக்க என்று சிலம்பு எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினேன். விசேஷம் ஞாயிற்றுக்கிழமை; ரிச்சி தெருவுக்கும் அன்றைக்கு லீவுதான். திங்கட்கிழமை எலெக்ட்ரிக் ட்ரெயினில் எழும்பூர் போய் அங்கிருந்து ஆட்டோ. சிந்தாதிரிப்பேட்டையை அந்தக் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் நெசவாளர்களைக் கூட்டிவந்து குடிவைத்து உண்டாக்கினான், சின்னத் தறிப்பேட்டைதான் இப்படி ஆனது என்பார்கள். தறிச் சத்தத்தில் வளர்ந்த அருப்புக்கோட்டைக்காரன் அந்தத் தெருவில் மதர்போர்டு தேடி அலைந்தது ஒரு மாதிரி பொருத்தமாகத்தான் இருந்தது. ஆடித் தள்ளுபடியில் புடவை கிடைக்கும், மதர்போர்டு கிடைக்காது, விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

முதல் கடையில் விலை கேட்டதும் வந்த எதிர்க்கேள்வி, "பில்லோடவா, பில் இல்லாமயா?" பில் இல்லையென்றால் ஆயிரத்து இருநூறு குறையுமாம். 18 சதவீத ஜிஎஸ்டியை எனக்கு மிச்சப்படுத்தித் தருகிற கரிசனம். போர்டுக்கு மூன்று வருஷ வாரண்டி; சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது பில், அதில் சீரியல் நம்பர். பில் இல்லாமல் வாங்கினால் மிச்சம் ஆயிரத்து இருநூறு, நஷ்டம் மூன்று வருஷம். வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாவது கடையில் ஒரு பையன். இருபத்திரண்டு வயது இருக்கும். ஒரு காதில் போன், இன்னொரு கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"என்னணா, கேமிங்கா, ஆபீஸா?"

"கல்யாண ஆல்பம்."

ஒரு நிமிஷம் யோசித்தான். "சரி, எடிட்டிங்னு போட்டுக்கலாம்" என்று சொல்லி நாலு பெட்டியை இறக்கிவைத்தான்.

"இதுல நாலு சாட்டா இருக்கா தம்பி?"

"இருக்குணா. ஆனா இப்ப யாருணா ஹார்ட்டிஸ்க் மாட்டுறாங்க?"

"கல்யாணம் பண்ணவங்க."

சிரித்துவிட்டான். அதற்கப்புறம் நன்றாகவே பேசினான். "இன்னும் சாட்டா வேணும்னா மோர்ட்டார் போர்டு எடுத்துக்கங்கணா, ஆறு இருக்கு. ஒரு அஞ்சாயிரம் கூட ஆகும்" என்றான். ஐந்தாயிரம் என்றால் ராம் போயிற்று. நாலே போதும் என்றேன். பெட்டியின் மேல் ரைசன் 5000-க்குத் தயார் என்கிற ஸ்டிக்கர் இல்லை. கேட்டதற்கு, "புது ஸ்டாக்குணா, அப்டேட் ஆகித்தான் இருக்கும்" என்றான். பட்டன் இருக்கிற தைரியத்தில் நானும் மல்லுக்கு நிற்கவில்லை. பில் போடும் முன்னால் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். ஏஎம்4-ல் ஊசிகள் ப்ராசஸரின் அடியில் இருக்கும், சாக்கெட்டில் வெறும் துளைகள்தான். இன்டெல்லில் அப்படி இல்லை, ஊசிகள் போர்டிலேயே இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் வாரண்டி பேச்சே கிடையாது, அங்கே கடையிலேயே வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். பழக்கதோஷத்தில் நான் இங்கேயும் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

கணக்கு இது: போர்டு 10,400. 5600ஜி 12,200. 3200 வேகத்தில் எட்டு ஜிபி ராம் இரண்டு, 3,600. 500 ஜிபி என்விஎம்இ 2,600. 450 வாட் எஸ்எம்பிஎஸ் 3,000. கேபினட் 2,500. ஆக 34,300. மிச்சம் எழுநூறில் தெருமுனையில் ஒரு சாப்பாடு, வீட்டுக்குப் பழம். கேபினட்டை ட்ரெயினில் கொண்டுவந்ததை இங்கே எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.

ஸ்டூடியோ பின்னறையில், பாய் விரித்து, மகள் டார்ச் பிடிக்க வேலை ஆரம்பித்தது. முதலில் பயாஸ். வேறு கம்ப்யூட்டர் இல்லாததால் போனிலேயே கம்பெனி இணையதளத்திலிருந்து ஃபைலை இறக்கி, பிரித்து, ஓடிஜி ஒயரில் பென்டிரைவை மாட்டி அதில் போட்டேன். பென்டிரைவ் ஃபேட்32-ல் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். ஃபைலின் பெயரை எம்எஸ்ஐ டாட் ரோம் என்று மாற்ற வேண்டும், இல்லையென்றால் போர்டு அதைச் சட்டை செய்யாது. இரண்டும் மேனுவலில் இருக்கிறது, நாம்தான் மேனுவலைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறோம். ஆடிக்காற்றுக் காலம், எந்த நேரம் கம்பி உரசிக் கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ்ஸில் சொருகித்தான் பட்டனை அழுத்தினேன். சிவப்பு விளக்கு சில நிமிஷம் மினுக்கியது. அத்தனை நேரமும் மூன்று பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். ஏறிவிட்டது.

அப்புறம் எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்தால் டிஸ்ப்ளே இல்லை.

கடைப் பையனை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டினேன். பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று போனை எடுக்கப்போனபோது மகள், "அப்பா, இங்க ஒரு லைட்டு எரியுது. டிராம்னு எழுதியிருக்கு" என்றாள். இந்த போர்டில் நாலு குட்டி விளக்குகள் இருக்கின்றன: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எங்கே தடங்கலோ அந்த விளக்கு அணையாமல் நிற்கும். ராமைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று ஒரு பக்கம் ஏறவே இல்லை. கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. டிஸ்ப்ளே வந்துவிட்டது. எச்81 காலத்தில் இந்தத் தப்பைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகியிருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, அழிரப்பரால் ராமைத் தேய்த்து, திரும்ப மாட்டி. வண்ண விளக்கு பத்தாயிரம் எரிவதைவிட இந்த நாலு விளக்கு எரிவது மேல். தேடிப் பார்த்து வாங்குங்கள். கடைப் பையனைத் திட்டியதை மனசுக்குள்ளேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பின்பக்கத் தகட்டை மாட்ட மறந்து, போர்டை முழுசாகக் கழற்றித் திரும்ப மாட்டியதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். மகள் பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள், எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டு ராம் மட்டும் போடுகிறவர்கள் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போட வேண்டும். அப்போதுதான் இரண்டு சேனலும் வேலை செய்யும். 5600ஜி மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற ப்ராசஸர் படத்துக்கும் இதே ராமைத்தான் கடன் வாங்குகிறது, அதனால் ஒற்றை ராமில் ஓட்டினால் ரொம்பவே தள்ளாடும். இன்னொன்று, 3200 என்று மேலே எழுதியிருந்தாலும் பல ராம்கள் தானாக அந்த வேகத்தில் ஓடாது. பயாஸில் போய் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய வேண்டும். நான் செய்யவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தேன், 2400-ல் ஓடிக்கொண்டிருந்தது. குதிரையை வாங்கி நடத்தியே கூட்டிக்கொண்டு போன மாதிரி.

பதினெட்டு மாதத்தில் எப்படி? ஸ்டூடியோவில் ஏசி கிடையாது. சித்திரை வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் நமக்கே தலை சுற்றும். அப்போதும் மெஷின் தானாக அணைந்ததில்லை. 65 வாட் ப்ராசஸருக்கு இந்த போர்டு தாராளம். விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டிலும் மானிட்டர் மாட்டி ஓடுகிறது, டிஸ்ப்ளே போர்ட் சும்மா இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஜி இல்லாத வெறும் 5600-ஐ வாங்கிவிட்டு இந்த ஓட்டைகளில் மானிட்டரைச் சொருகினால் ஒன்றும் வராது. ப்ராசஸரில் கிராபிக்ஸ் இருந்தால்தான் போர்டின் டிஸ்ப்ளே போர்ட்டுகளுக்கு உயிர். விண்டோஸ் 11-ம் தடையில்லாமல் ஏறிவிட்டது. பழைய மெஷின் உயிரோடு இருந்திருந்தாலும், விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் வரைக்கும்தான் என்பதால் எப்படியும் மாற்ற வேண்டித்தான் வந்திருக்கும்.

என் போர்டில் வந்த வைஃபை ஐந்தாம் தலைமுறை, ஆறு இல்லை. மதுரை லேபுக்கு ஒரு ஆல்பம் இரண்டு மூன்று ஜிபி அனுப்புகிறோம். எங்கள் ஊர் இன்டர்நெட் போகிற வேகத்துக்கு இது போதும், தடை வந்தால் அது தெருக் கம்பத்தில்தான். பெட்டியில் வருகிற இரண்டு ஆன்டெனாவையும் திருகிவிடுங்கள். மெஷினுக்குப் பின்னால்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டால் சிக்னல் விழாது. ஒலிக்குப் பின்னால் மூன்று ஓட்டைகள்தான். எனக்கு ஸ்பீக்கர் ஒன்று போதும், இசை வேலை செய்கிறவர்களுக்குப் போதாது. யூஎஸ்பி பின்னால் ஆறு, என் கணக்குக்கு ஒன்று மிச்சம்.

தீபாவளிக்குத் திட்டமிட்ட ராம் 2024 தீபாவளிக்குத்தான் வந்தது. கல்யாண சீசன் நன்றாக இருந்தால் மகளின் ஃபீஸும் நன்றாகவே இருக்கிறது. அதே கம்பெனி, அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கி மீதி இரண்டு ஸ்லாட்டையும் நிரப்பினேன். முதல் முறை ஆன் செய்தபோது ஒரு நிமிஷம் போல கறுப்பாகவே நின்றது. டிராம் விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன், தானாக அணைந்து வந்துவிட்டது. நாலும் 3200-லேயே ஓடுகின்றன. வேறு வேறு ராமைக் கலந்தால் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் வாங்கும்போதே மாடல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்காரியின் விமர்சனம் ஒரே வரி: "சேவ் குடுத்துட்டு எந்திரிக்கவே நேரமில்லங்க, டீ நீங்கதான் போடணும்." இப்போது நான்தான் போடுகிறேன்.

யாருக்கு இது வேண்டாம்? காலேஜ் போகிற பிள்ளைக்கு, கணக்கு எழுதுகிற கடைக்கு இந்தக் காசு அதிகம். ஏ520-ல் நல்ல போர்டு ஒன்றை வாங்கி, மிச்சத்தை ராமிலும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் போடுங்கள். கையில் செகண்ட்ஹேண்ட் ரைசன் 3200ஜி வைத்துக்கொண்டு பி550 தேடுகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். ஏஎம்டி கணக்கில் பி550 அதற்கானது இல்லை, போர்டின் சிபியு பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்றைக்கு முதல் தடவையாகக் கட்டுகிறவர், கையில் கொஞ்சம் கூடவே இருக்கிறதென்றால் ஏஎம்5-ஐயும் விசாரிக்கலாம். அங்கே டிடிஆர்5 ராம்தான் போடமுடியும், ஆனால் ஏஎம்டி 2027-ஐத் தாண்டியும் அந்தச் சாக்கெட்டுக்கு ப்ராசஸர் தருவதாகச் சொல்லியிருக்கிறது. எனக்கு ஏஎம்4-லேயே இன்னும் ஏற இடம் இருக்கிறது. ஐந்தாறு வருஷம் கழித்துச் செகண்ட்ஹேண்டில் எட்டு கோர் ஒன்று கிடைத்தால் இதே போர்டில் உட்கார வைத்துவிடுவேன், பயாஸ் பட்டன்தான் இருக்கிறதே.

ஒரே ஒரு கணக்கு மட்டும் தப்பிவிட்டது. போன மாதம் நடப்பு வேலைக்கான ஹார்ட்டிஸ்க் நிரம்பி, மூன்றாவதாக ஒன்றை நிரந்தரமாக மாட்ட வேண்டி வந்தது. பழைய டிஸ்க்குக்கு வைத்திருந்த காலி இடத்தை விட மனசில்லை. டிவிடி ரைட்டரின் சாட்டா ஒயரைப் பிடுங்கினேன். அதற்கு மறுநாளே கொடை விழா கமிட்டிக்காரர்கள் வந்து முப்பது டிவிடி வேண்டும் என்றார்கள். இப்போது கேபினட்டின் பக்கத் தகட்டை மூடுவதே இல்லை. டிவிடி என்றால் அந்த ஒயர், பழைய கல்யாணம் என்றால் இந்த ஒயர், ஒவ்வொரு முறையும் மெஷினை அணைத்து மாற்றிச் சொருகிக்கொண்டிருக்கிறேன். தகடு இல்லாத பக்கமாக ஒரு பல்லி வேறு நோட்டம் விடுகிறது. கூட ஐந்தாயிரம் கொடுத்தால் ஆறு சாட்டா என்று அந்தத் தம்பி சொன்னான்தான்.